ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோன், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டு: மாறிய பிறகு வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

எங்கள் கடையில் புதுப் போன் விற்பது சின்ன வேலை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ மாறியவர்கள் மறுநாள் "வாட்ஸ்அப் வரல", "ஜிபே ஓடல" என்று திரும்பி வருவதுதான் பெரிய வேலை. கோளாறுகள் ஒன்றும் புதிதுபுதிதாக முளைப்பதில்லை. அதே சிலதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கை கடிக்கும் காரணம் கடைசியில். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைத் தேடி அதை மட்டும் படித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: பழைய போனை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள், விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பழைய போன் கையில் இருந்தால் வீட்டிலேயே சரியாகிவிடும். அது போய்விட்டால் சிலவற்றை யாராலும் சரிசெய்ய முடியாது. புதுப் போன் வாசலுக்கு வரும்போதே பழையதைக் கொடுத்தாக வேண்டும் என்கிற எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடியை நான் யாருக்கும் சொல்வதில்லை. பழைய போனை பிறகு தனியாக விற்றால் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம், பரவாயில்லை.

## அறிகுறி: மூவ் டு ஐஓஎஸ் வேலை செய்யவில்லை

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு எல்லாவற்றையும் கொண்டுபோக ஆப்பிள் தரும் இலவச ஆப் இது. பழைய ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும். எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பாருங்கள்.

ஐபோனில் "ஆண்ட்ராய்டிலிருந்து" என்கிற தேர்வே காணோம்

ஐபோனை ஏற்கெனவே செட்டப் செய்து முடித்துவிட்டீர்கள். அந்தத் தேர்வு முதல்முறை செட்டப் நடக்கும்போது மட்டுமே வரும். செட்டிங்ஸில் ஜெனரல் போய், கடைசியில் உள்ள "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்" வழியாக முழுவதும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வாங்கி ஒரு நாள்தான் ஆகிறது என்றால் யோசிக்காமல் அழியுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது என்றால், இந்த மாதம் எடுத்த படங்களையும் வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

ஐபோன் காட்டும் குறியீட்டு எண்ணைப் போட்டாச்சு, ஆனால் இணையவில்லை

ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்குகிறது. ஆண்ட்ராய்டு அதில் சேர வேண்டும். அந்த வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. சில ஆண்ட்ராய்டு போன்கள் "இதில் நெட் இல்லையே" என்று தாமாகவே வீட்டு வைஃபைக்கோ மொபைல் டேட்டாவுக்கோ தாவிவிடும். வந்த கேஸ்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். எனவே வரிசையாக:

முதலில் ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபை செட்டிங்ஸில் "நெட் சரியில்லாவிட்டால் மொபைல் டேட்டாவுக்கு மாறு" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அதையும் அணையுங்கள். விபிஎன், பேட்டரி சேவர் இருந்தால் நிறுத்துங்கள். ஆப் கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?" என்று கேட்டால் "ஆம்" என்று அழுத்துங்கள். அப்புறமும் சேரவில்லை என்றால் இரண்டு போனையும் அணைத்துப் போட்டு, புதிய குறியீட்டு எண் வாங்கி மறுபடி முயலுங்கள்.

பாதியில் நின்றுவிட்டது

மாற்றம் முடியும்வரை ஆண்ட்ராய்டில் அந்த ஆப் திரையிலேயே இருக்க வேண்டும். நடுவில் அழைப்பு வந்து எடுத்தாலோ, யூடியூப் பக்கம் போனாலோ அறுந்துவிடும். இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு, யாரும் தொடாத இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். மீதி நேரம் என்று அது காட்டுவதை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு "முடிந்தது" என்று சொன்னாலும் ஐபோனில் முன்னேற்றக் கோடு ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். அவசரப்பட்டு நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் இடப் பற்றாக்குறையைப் பாருங்கள். பழைய போனில் மெமரி கார்டு இருந்தால் அதில் உள்ளதும் சேர்ந்தே வரும். 128 ஜிபி ஐபோனுக்குள் 128 ஜிபி தரவு போகாது; ஐஓஎஸ்ஸும் இடம் பிடிக்கிறது அல்லவா. படங்கள், வீடியோக்களை மட்டும் தேர்வில் நீக்கிவிட்டு மற்றதை முதலில் மாற்றுங்கள். படங்களைப் பிறகு கூகுள் போட்டோஸ் வழியாகவோ கணினி வழியாகவோ கொண்டுவரலாம்.

முடிந்தது, ஆனால் சில காணோம்

பாட்டுகள், மின்புத்தகங்கள், பிடிஎஃப்கள் எல்லாம் வந்தனவா என்று தனியாகப் பாருங்கள். வராதவற்றைக் கையால்தான் கொண்டுபோக வேண்டும். சாம்சங் நோட்ஸில் எழுதியதையும், செக்யூர் ஃபோல்டரில் பூட்டி வைத்ததையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஆப்களை ஆப் ஸ்டோரில் மறுபடி வாங்க வேண்டியதுதான். அதற்கு வழி கிடையாது.

எப்போது கடைக்குப் போவது? பழைய போனின் டச் போய்விட்டது, படம் மட்டும் தெரிகிறது என்றால் ஒரு ஓடிஜி அடாப்டரில் (போனில் யுஎஸ்பி சாதனம் செருக உதவும் சிறு இணைப்பு) மவுஸ் செருகி வீட்டிலேயே இயக்கலாம். டிஸ்ப்ளே முழுக்க இருட்டு என்றால் கடைக்குப் போங்கள். ஆனால் "புது டிஸ்ப்ளே போடுங்கள்" என்று கேட்காதீர்கள். "தற்காலிகமாக ஒரு டிஸ்ப்ளே மாட்டி, தரவை மாற்றும்வரை மட்டும் ஓட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். உங்கள் மாடலுக்குப் பழைய டிஸ்ப்ளே ஒன்று வைத்திருப்பவர் செய்து தருவார். செலவு வெகுவாகக் குறையும்.

## அறிகுறி: வாட்ஸ்அப் வந்தது, பழைய உரையாடல் எதுவும் இல்லை

அதிகம் கண்ணீர் விடுவது இதற்குத்தான். காரணம் ஒன்றே: ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகிறது, ஐபோனில் ஐகிளவுடுக்குப் போகிறது. அதை இது படிக்காது, இதை அது படிக்காது. "பேக்கப் எடுத்துத்தானே வைத்திருந்தேன்" என்பது இங்கே பயன்படாது. இரண்டு போனும் நேருக்கு நேர் பேசித்தான் மாற்ற வேண்டும்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போனவர்கள்

பழைய போனில் வாட்ஸ்அப்பை இன்னும் நீக்கவில்லையா? அப்படியானால் நிம்மதி. தரவு அங்கேயே இருக்கிறது. ஐபோனை மேலே சொன்னபடி அழித்துவிட்டு, மூவ் டு ஐஓஎஸ்ஸில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள். "ஸ்டார்ட்" அழுத்தினால் தரவைத் தயார் செய்யும், பழைய போனில் வாட்ஸ்அப் லாக்அவுட் ஆகும். அது இயல்பு, பதற வேண்டாம். ஐபோன் செட்டப் முடிந்ததும் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை இறக்கி, அதே எண்ணில் நுழைந்து, கேட்கும்போது மறுபடி "ஸ்டார்ட்".

வரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை: இரண்டு போனிலும் ஒரே எண்தானா? ஐபோனில் ஐஓஎஸ் 15.5 அல்லது அதற்கு மேலா? ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் அப்டேட் ஆகியிருக்கிறதா? பட்டியலில் வாட்ஸ்அப்பே காட்டவில்லை என்றால் அப்டேட்தான் முதல் சந்தேகம்.

பழைய போனில் வாட்ஸ்அப்பை நீக்கியாயிற்று, ஆனால் கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறது என்றால் இன்னும் வழி உண்டு. பழைய போனில், அது இல்லாவிட்டால் அதே கூகுள் கணக்குப் போட்ட வேறொரு ஆண்ட்ராய்டு போனில், உங்கள் எண்ணுடன் வாட்ஸ்அப்பை நிறுவி முதலில் அங்கே மீட்டெடுங்கள். பிறகு அங்கிருந்து ஐபோனுக்கு. சுற்றுவழிதான், ஆனால் போய்ச் சேரும். நடுவில் ஐபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து விளையாடாதீர்கள்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வந்தவர்கள்

இங்கே நம்பகமான வழி கேபிள். ஐபோன் 14 வரை லைட்னிங் முனை, 15 முதல் இரு பக்கமும் சி டைப். ஆண்ட்ராய்டு புதிதாகவோ ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும். சாம்சங் என்றால் அவர்களின் தரவு மாற்றும் ஆப்பான ஸ்மார்ட் ஸ்விட்ச் வழியாக. மற்ற போன்களில் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் செட்டப்பின்போது திரையில் ஒரு கியூஆர் வரும். ஐபோனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதியில் "மூவ் சாட்ஸ் டு ஆண்ட்ராய்டு" இருக்கிறது.

கேபிள் செருகியும் போன் தெரியவில்லையா? ஐபோனில் "டிரஸ்ட்" அழுத்தினீர்களா என்று பாருங்கள். பூட்டைத் திறந்து வைத்தால்தான் அந்தக் கேள்வியே வரும். அடுத்து கேபிளை மாற்றுங்கள். மலிவு கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் மட்டும் ஏறும், தரவு போகாது. அதற்கடுத்து சார்ஜிங் போர்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையில் கிடக்கும் போனில் பஞ்சு அடைந்திருக்கும். பல்குச்சியால் மெதுவாக எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஊசி, பின் வேண்டாம்.

எந்தப் பக்கம் போனாலும் வாட்ஸ்அப் அழைப்பு வரலாறு வராது. அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது? பழைய போன் ரீசெட் ஆகிவிட்டது, பேக்கப்பும் இல்லை என்றால் கதை முடிந்தது. இன்றைய போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் ரீசெட்டுக்குப் பிறகு மீட்டுத் தருவதாகச் சொல்லும் எந்த மென்பொருளும் உங்கள் உரையாடலைத் தராது. குரூப்பில் இருக்கும் வேறு யாராவது அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினால் படிக்க மட்டும் கிடைக்கும்.

## அறிகுறி: ஜிபே, போன்பேயில் "எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை"

புதுப் போனில் யுபிஐ ஆப் முதலில் செய்வது, உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண் உங்களுடையதுதானா என்று பார்ப்பது. ஆண்ட்ராய்டு அதைத் தானாகவே அனுப்பிவிடும். ஐபோன் அப்படி அனுமதிக்காது. எஸ்எம்எஸ் திரை திறக்கும், நீங்கள்தான் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டுப் பழக்கத்தில் இருப்பவர்கள் அந்தத் திரையை மூடிவிட்டு, "ஆப் ஓடல" என்று வருவார்கள். அந்த எழுத்துகளை மாற்றவும் கூடாது, அப்படியே அனுப்புங்கள்.

அனுப்பியும் ஆகவில்லை என்றால்:

1. ரீசார்ஜ் உயிரோடு இருக்கிறதா, அதில் எஸ்எம்எஸ் உண்டா? இன்கமிங்குக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம்மில்தான் பலருக்கு வங்கி எண் இருக்கும். அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸ் இருக்காது.

2. சரியான சிம்மிலிருந்துதான் போகிறதா? இரண்டு சிம் உள்ள ஐபோனில் இது அடிக்கடி இடறும். எஸ்எம்எஸ் திரையில் எந்த எண்ணிலிருந்து என்று பாருங்கள். குழப்பமாக இருந்தால் செட்டிங்ஸில் மற்ற சிம்மைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயலுங்கள்.

3. விபிஎன் ஓடுகிறதா? நிறுத்துங்கள். வைஃபையை விட்டு அந்த சிம்மின் மொபைல் டேட்டாவில் முயலுங்கள்.

4. சிம்மை அண்மையில் மாற்றினீர்களா? நானோ சிம்முக்காகவோ இ-சிம்முக்காகவோ புதிய சிம் வாங்கியிருந்தால், அது உயிர்பெற்றபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் போகவும் விடமாட்டார்கள். சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. அழைப்பு வருகிறது, நெட் ஓடுகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் இதுதான். காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டாம். மூன்று நான்கு முறை முயன்று ஆப் பூட்டிக்கொள்ளும்படி செய்துவிடாதீர்கள்.

5. வங்கியில் இருப்பது இந்த எண்தானா? இல்லை என்றால் இது போன் கோளாறே அல்ல. பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போங்கள்.

எண் சரியாகிவிட்டால் பழைய யுபிஐ பின் நினைவில் இருக்கும் பட்சத்தில் பெரும்பாலும் அதுவே போதும். பின் என்பது வங்கிக் கணக்கோடு சேர்ந்தது, போனோடு அல்ல.

பணம் போகிறது, ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் போகவில்லை

கோளாறு இல்லை. போன் மாற்றிப் புதிதாகப் பதிந்தால் பல வங்கிகள் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு வைக்கின்றன. ஐபோன் என்றால் அது 72 மணி நேரம் வரை நீளும். வாடகை, சீட்டுப் பணம், கடைச் சரக்கு என்று பெரிய தொகை கட்ட வேண்டிய வாரத்தில் போன் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் நெட் பேங்கிங்தான் வழி.

யுபிஐ லைட்டில் இருந்த பணம் காணோம்

பின் போடாமல் சிறு தொகை கட்ட யுபிஐ ஆப்பில் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணம்தான் யுபிஐ லைட். அந்த பேலன்ஸ் போனோடு ஒட்டியது. பழைய போனில் அந்த ஆப்பைத் திறந்து யுபிஐ லைட்டை நிறுத்தினால் பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். 5,000 ரூபாய் வரை அதில் கிடக்க வாய்ப்பு உண்டு என்பதால் போனை அழிக்கும் முன் ஒருமுறை பாருங்கள். பழைய போனே இல்லை என்றால் ஆப்பின் உதவிப் பகுதியில் புகார் பதிவு செய்து, வங்கியிடமும் கேளுங்கள்.

இந்தப் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்தே ஆக வேண்டும். இணையத்தில் "ஜிபே கஸ்டமர் கேர்" என்று தேடி வரும் எண்களுக்கு அழைக்காதீர்கள். ஆப்புக்குள் இருக்கும் உதவியை மட்டும் பயன்படுத்துங்கள். என்னைப் போன்ற கடைக்காரரிடம் போனைக் கொடுக்கலாம், யுபிஐ பின்னையும் ஓடிபியையும் சொல்லக் கூடாது. நீங்களே அழுத்துங்கள், நாங்கள் திரும்பிக்கொள்கிறோம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

## அறிகுறி: ஐபோனை விட்ட பிறகு சிலரின் செய்திகள் மட்டும் வருவதில்லை

யாரிடமிருந்து வரவில்லை என்று பாருங்கள். எல்லோரும் ஐபோன்காரர்கள் என்றால் காரணம் ஐமெசேஜ், அதாவது ஆப்பிள் போன்களுக்குள் இன்டர்நெட் வழியாக ஓடும் செய்தி வசதி. உங்கள் எண் இன்னும் ஆப்பிளிடம் பதிவாகியிருக்கிறது. அவர்கள் அனுப்புவது எஸ்எம்எஸ்ஸாக வராமல் ஐமெசேஜாகப் போய் எங்கோ நிற்கிறது. வாட்ஸ்அப்பிலேயே காலம் தள்ளும் நம் ஊரில் இது குறைவு. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதிகம்.

பழைய ஐபோனில் சிம்மைத் திரும்பப் போட்டு, செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதியில் ஐமெசேஜை அணையுங்கள். ஃபேஸ்டைமையும் அணையுங்கள். ஐபோன் கையில் இல்லை என்றால், ஆப்பிளின் இணையதளத்தில் ஐமெசேஜிலிருந்து எண்ணை நீக்கும் பக்கம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் 6 இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதைப் போட்டால் நீங்கிவிடும். அதன்பிறகும் ஒருவரிடமிருந்து மட்டும் வரவில்லை என்றால், அவர் போனில் உங்களுடனான பழைய உரையாடலை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. புதிதாக ஐபோன் வாங்கியவர்களுக்கு ஐமெசேஜ் "வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்" என்றே நிற்கும். அது வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உயிர்பெறுகிறது. பிரீபெய்டு பேக்கில் உள்ள இலவச எஸ்எம்எஸ் அதற்கு ஆகாமல் போகலாம். மெயின் பேலன்ஸில் சிறு தொகை போட்டு, ஒரு நாள் வரை பொறுத்துப் பாருங்கள். ஐமெசேஜே தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், நச்சரிப்பு தீரும்.

## அறிகுறி: காண்டாக்ட் பாதிதான் வந்திருக்கிறது, அல்லது இரண்டிரண்டாக இருக்கிறது

பாதி வந்தால்: பழைய ஆண்ட்ராய்டில் சில பெயர்கள் கூகுள் கணக்கிலும், சில போனிலும், சில சிம்மிலும் சேமிக்கப்பட்டிருக்கும். கூகுள் கணக்கில் இருப்பவை மட்டும்தான் தாமாகப் புதுப் போனுக்கு வரும். பழைய போனின் காண்டாக்ட் ஆப்பில் எல்லாவற்றையும் ஒரு விசிஎஃப் (காண்டாக்ட் பட்டியல்) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தில் இம்போர்ட் செய்யுங்கள். நேராக ஐபோனில் திறந்தாலும் சேரும். ஆனால் கூகுள் வழியாகப் போனால் அடுத்த முறை போன் மாற்றும்போது இந்தப் பாடு இருக்காது. சிம்மில் இருப்பவற்றுக்கு ஐபோனின் காண்டாக்ட் செட்டிங்ஸில் "இம்போர்ட் சிம் காண்டாக்ட்ஸ்" உண்டு.

ஒன்றுகூட வரவில்லை என்றால் ஐபோனில் கூகுள் கணக்கைச் சேர்த்துவிட்டு, அதற்குள் "காண்டாக்ட்ஸ்" பொத்தானை ஆன் செய்யாமல் விட்டிருப்பீர்கள். மெயில் மட்டும் ஆன் ஆகியிருக்கும்.

இரண்டிரண்டாக வந்தால் ஐகிளவுடிலும் கூகுளிலும் ஒரே ஆள் இருக்கிறார். ஐஓஎஸ் 16 முதல் காண்டாக்ட் ஆப்பின் மேலேயே "டூப்ளிகேட்ஸ் ஃபவுண்ட்" என்று காட்டும், சேர்த்துவிடலாம். கூகுள் காண்டாக்ட்ஸிலும் அதே வசதி உண்டு. சேர்ப்பதற்கு முன் விசிஎஃப் ஒன்று எடுத்து வையுங்கள்.

ஐபோனிலிருந்து வருபவர்கள் ஐகிளவுட் இணையதளத்தில் எல்லோரையும் தேர்ந்தெடுத்து விகார்டாக (அதே விசிஎஃப் கோப்புதான்) எக்ஸ்போர்ட் செய்து கூகுளில் போட்டால் வேலை முடிந்தது.

## அறிகுறி: படங்கள் மங்கலாக, சின்னதாக இருக்கின்றன; சில திறக்கவில்லை

மங்கல் என்றால் முதல் கேள்வி: எப்படிக் கொண்டுவந்தீர்கள்? "வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொண்டேன்" என்றால் காரணம் அதுவே. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பழைய போனிலிருந்து மறுபடி எடுங்கள்.

வாட்ஸ்அப் இல்லை என்றால் ஐபோனில் "ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்" ஆன் ஆகியிருந்ததா என்று பாருங்கள். ஆன் என்றால் முழுப் படம் ஐகிளவுடில் இருக்கும், போனில் இருப்பது சிறிய நகல். நிறையப் படங்கள் உள்ளவர்களுக்கு ஆப்பிளின் தனியுரிமைப் பக்கம் வழியாக ஐகிளவுட் படங்களின் நகலை நேராக கூகுள் போட்டோஸுக்கு அனுப்பும் வசதி நல்லது. 3 முதல் 7 நாள் ஆகும், போன்கூடத் தேவையில்லை. கூகுளில் போதிய இடம் வேண்டும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலும் ஜிமெயில், டிரைவ் பங்கு உண்டு. ஒரு மாதத்துக்கு மட்டும் கூடுதல் இடம் வாங்கி, மாற்றி, கணினியில் இறக்கிக்கொண்டு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

திறக்கவில்லை என்றால் கோப்பின் பெயர் ஹெச்இஐசி என்று முடிகிறதா பாருங்கள். 2017 முதல் ஐபோன்கள் படத்தை அப்படித்தான் சேமிக்கின்றன. ஆண்ட்ராய்டு 9க்கு முந்தைய போன்களிலும் பழைய விண்டோஸிலும் திறக்காது. கூகுள் போட்டோஸில் ஏற்றினால் தெரியும். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு ஐபோன் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" வையுங்கள். ஒரே படம் ஒரு புகைப்படமாகவும் ஒரு குட்டி வீடியோவாகவும் வந்திருந்தால் அது லைவ் போட்டோ. கெட்டுப்போகவில்லை.

## அறிகுறி: ஆத்தென்டிகேட்டர் ஆப் காலியாக இருக்கிறது

கணக்கில் நுழையும்போது கேட்கும் கூடுதல் குறியீட்டு எண்ணைத் தரும் ஆப் இது. கூகுள் ஆத்தென்டிகேட்டர் என்றால் 2023 முதல் கணக்கோடு ஒத்திசையும். பழைய போனில் ஆப்பைத் திறந்து கூகுள் கணக்கில் நுழைந்திருக்கிறதா பாருங்கள்; இல்லை என்றால் அங்கே எக்ஸ்போர்ட் செய்து வரும் கியூஆரைப் புதுப் போனில் ஸ்கேன் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் ஆண்ட்ராய்டு பேக்கப் ஐபோனில் திரும்பாது, ஐபோன் பேக்கப் ஆண்ட்ராய்டில் திரும்பாது. ஒவ்வொரு கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அலுவலகக் கணக்கு பூட்டிக்கொண்டால் அலுவலகத்தின் ஐடி பிரிவினரைத்தான் கேட்க வேண்டும், கடையில் எதுவும் செய்ய முடியாது.

## அறிகுறி: புது ஆண்ட்ராய்டில் செய்திகள் தாமதமாக வருகின்றன

ஆப்பைத் திறந்தால்தான் எல்லாம் கொட்டுகிறதா? பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் அந்த ஆப்பைத் தூங்க வைக்கிறது. ஐபோனிலிருந்து வருபவர்களுக்கு இது புதிராக இருக்கும். ஆப் இன்ஃபோவில் பேட்டரி பகுதிக்குப் போய் "அன்ரெஸ்ட்ரிக்டட்" அல்லது "நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" வையுங்கள். சீன பிராண்டுகள் பலவற்றில் "ஆட்டோஸ்டார்ட்" என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். வாட்ஸ்அப், வங்கி ஆப், அலுவலக மெயில் இவற்றுக்கு மட்டும் போதும்.

## அறிகுறி: ஐபோனில் தமிழ் அடிக்க வரவில்லை

செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு வழியாகத் தமிழைச் சேர்க்க வேண்டும். அஞ்சல், தமிழ் 99 என்று கேட்கும். ஆங்கில எழுத்தில் அம்மா என்று ஒலிப்படி அடித்துப் பழகியவர்கள் அஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். ஜிபோர்டில் பழகிய கை முதல் சில நாள் தடுமாறும். இரண்டு போனிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் செல்லினம் இரண்டு பக்கமும் கிடைக்கிறது.

## அறிகுறி: வாட்ச் இணையவில்லை

ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்த சாம்சங் வாட்ச்கள் ஐபோனோடு சேரா. செட்டிங்ஸில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், விற்றுவிடுங்கள். ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் சாதாரண புளூடூத் இயர்போனாக ஓடும்.

## அறிகுறி: பழைய போனுக்கு இன்னும் காசு பிடிக்கிறார்கள்

போன் மாறினாலும் சந்தா மாறாது. ஐகிளவுட் இடம், ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டிய ஓடிடி, கூகுள் ஒன் எல்லாம் தொடர்ந்து ஓடும். ஆப்பிள் சந்தாக்களைப் பழைய ஐபோன் கையில் இருக்கும்போதே செட்டிங்ஸில் உங்கள் பெயரை அழுத்தி நிறுத்துங்கள். கூகுள் பிளே சந்தாக்களை எந்த பிரவுசரிலிருந்தும் நிறுத்தலாம். ஆட்டோபே பட்டியலை யுபிஐ ஆப்பிலும் ஒருமுறை பாருங்கள். ஐகிளவுட் சந்தாவை மட்டும் படங்கள் முழுக்க வந்துசேர்ந்த பிறகு நிறுத்துங்கள்.

## அறிகுறி: விற்ற போனை வாங்கியவர் "லாக் ஆகியிருக்கு" என்று அழைக்கிறார்

ஐபோன் என்றால் ஃபைண்ட் மை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைக்காமல் ரீசெட் செய்திருப்பீர்கள். போன் கையில் இல்லாவிட்டாலும் ஐகிளவுட் இணையதளத்தில் நுழைந்து, அந்தப் போனைக் கணக்கிலிருந்து நீக்கினால் பூட்டு விடும். உங்கள் ஆப்பிள் கடவுச்சொல்லை வாங்கியவரிடம் சொல்லாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஆண்ட்ராய்டு என்றால் ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கை நீக்கவில்லை. போனை வாங்கி நீங்களே கணக்கைப் போட்டுத் திறந்து, கணக்கை நீக்கி, மறுபடி ரீசெட் செய்து கொடுங்கள்.

கடவுச்சொல் மறந்துவிட்டது, மீட்கும் எண்ணும் பழையது என்றால் ஐபோனுக்கு அசல் பில்லை எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாங்கியதற்கான ஆதாரம் இருந்தால் ஆப்பிளிடம் பூட்டை நீக்கக் கோரலாம். பில் இல்லாமல் "அன்லாக் செய்து தருகிறோம்" என்று சொல்லும் இடங்களில் போனைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் போனும் திரும்பாது, காசும் திரும்பாது.